விருது குடுக்கிறதுக்கு முன்னால ஒரு கேள்வி

பொலிசுக்கும் விருது இருக்கு, தெரியுமா? சர்வதேசப் பொலிஸ் தலைவர்கள் சங்கம் மாதிரியான அமைப்புகள், புதுத் தொழில்நுட்பத்தை நல்லாப் பயன்படுத்தின ஆட்களைக் கூப்பிட்டுப் பாராட்டும். எங்கட நாட்டிலயும் மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கு. வீதி விதியை மீறுகிறவர்களைப் படமெடுத்து அனுப்ப 2025இல் ஒரு செயலி வந்தது. தமிழில் முறையிட 107 என்ற இலக்கம் வந்தது. சிங்களம் தெரியாத ஒரு அம்மா அவசரத்துக்குத் தன்ர மொழியில பேசலாம் எண்டால் அது சின்ன விசயம் இல்லை. பாராட்டத்தான் வேணும்.

ஆனா திருகோணமலையில் இருந்து பார்க்கிற எனக்கு, விருதுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கு. அந்தத் தொழில்நுட்பம், தேவைப்பட்டால், சீருடை போட்டவருக்கு எதிராகவும் சாட்சி சொல்லுமா?

ஏன் இப்படிக் கேட்கிறேன் எண்டு சொல்லுறன்.

நாங்கள் பின்னேரங்களில் போய்க் குந்தியிருக்கிற அதே கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் எண்டு முதலில் சொல்லப்பட்டது. அந்தக் கதையை உடைத்தது ஒரு கமரா. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழக்கு நடந்தது. முக்கியமான சாட்சிகள் பயத்தில் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல 2017இல் சட்டத்தில் இடம் வந்தது. அதாவது கருவியும் இருந்தது, சட்டமும் இருந்தது. ஆனாலும் 2019 ஜூலையில், போதிய ஆதாரம் இல்லை எண்டு சொல்லி, அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது.

இரண்டாவது கதையும் எங்கட துறைமுகத்தோடதான். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ள 'கன் சைட்' எண்ட இடத்தில் அவர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள் எண்டு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஒருவரும் வீடு திரும்பவில்லை. இதைத் துருவிய அதிகாரிகளுக்குக் கை கொடுத்தவற்றில் தொலைபேசி அழைப்புப் பதிவுகளும் ஒண்டு. எந்த இலக்கம், யாருடைய கையில், எந்தக் கோபுரத்துக்குக் கீழ எண்டு பொறுமையா அடுக்கிப் பார்க்கிற வேலை அது. பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் கொலை விசாரணையிலும் அதே வழிதான்.

உண்மையான புதுமை எண்டு நான் சொல்லுறது இதைத்தான். அதுக்குக் கிடைத்த பரிசு என்ன? 2019 நவம்பரில் ஆட்சி மாறின கையோட, அந்தத் திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர காலிக்கு மாற்றப்பட்டார். விசாரணை அதிகாரி நிஷாந்த சில்வா குடும்பத்தோட நாட்டை விட்டுப் போனார். அடுத்த வருசம் அபேசேகர கைதும் செய்யப்பட்டார். பிறகு 2025இல் அவர் திரும்பவும் அதே பதவிக்கு வந்தார். ஆனா இடையில போன வருசங்களை அந்த 11 குடும்பங்களுக்கு யார் திருப்பிக் குடுப்பார்?

இது எங்கட நாட்டுக்கு மட்டும் உரிய வருத்தம் இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்குப் பிறகு இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் சிசிடிவி இருந்தது. பதிவுகளைச் சேமிக்க இடமும் தாராளமா இருந்தது. ஆனா ஒவ்வொரு நாளும் தானாகவே அழிந்துபோகிற மாதிரி அமைத்திருந்ததை நீதித்துறை நடுவர் கண்டுபிடித்தார். கடைசியில் வாய் திறந்தது அதே நிலையத்தில் வேலை செய்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த வருச டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கமரா வேணும், பதிவைக் குறைந்தது ஒரு வருசம் வைத்திருக்க வேணும் எண்டு இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

"அப்ப கள்வனைப் பிடிக்க கமரா வேண்டாமா, போதைப்பொருள்காரனை எப்படிப் பிடிக்கிறது?" எண்டு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. வேணும்தான். சந்தியில் பூட்டுங்கள், பஸ் நிலையத்தில் பூட்டுங்கள். அதே கமராவைப் பொலிஸ் நிலையத்தின் தடுப்பு அறையிலும் விசாரணை அறையிலும் பூட்டுங்கள் எண்டுதான் கேட்கிறம். பதிவு ஒரு வருசமாவது இருக்கட்டும். அழிக்கிற அதிகாரம் அந்த நிலையத்தில் இருக்கிறவரிடம் இருக்கக் கூடாது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பதிவை நீதிமன்றம் மூலம் கேட்டு வாங்க வீட்டுக்காரருக்கு வழி இருக்க வேணும். வெளிநாட்டில் இருக்கிற சாட்சி திரையில் வந்து பேசும்போது, இங்க இருக்கிற அவருடைய உறவுகளுக்குப் பாதுகாப்பும் வேணும்.

இதைச் செய்கிற முதல் பொலிஸ் நிலையம் எங்கட மாவட்டத்தில் இருந்தால், விருது விழாவுக்கு நானே போய்க் கை தட்டுவன். அதுக்கு முன்னால, அழைப்புப் பதிவுகளை வைத்து உண்மையைத் தேடின அந்த அதிகாரிகளுக்கு ஒரு விருது பாக்கி இருக்கு. ஐந்து மாணவர்களின் காயங்களைப் படமெடுத்த, பொலிஸ்காரரே இல்லாத ஒரு மனிதருக்கும்தான்.