கூடுதல் உத்தரவாதம் தேவையா?



இல்லத்திற்கு ஒரு குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கக் கடைக்குச் செல்கிறோம். விலை பேசி முடிந்து, பணம் செலுத்தும் வேளையில் விற்பனையாளர் இன்னொரு வினாவை எழுப்புகிறார்: "கம்பெனி வாரண்டி ஒரு வருடந்தான். இன்னும் 2,500 ரூபாய் கட்டினால் மேலும் இரண்டு வருடத்துக்குக் கவலையே இல்லை. பில்லில் சேர்த்துவிடட்டுமா?" கணவர் மனைவியை நோக்குகிறார், மனைவி கணவரை நோக்குகிறார். பத்து நாள் கலந்து பேசி இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், இதனைப் பத்து நொடியில் முடிவு செய்கின்றனர். அங்கே பெரும்பாலும் முடிவு செய்வது அறிவன்று, அச்சம்.

இவ்வளவு சிறிய செய்தியை ஒரு ஞான மேய்ப்பன் பேச வேண்டுமா எனச் சிலர் கருதலாம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று நம் ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடராவதன் விலையை உணர்த்தவே அவர் அவ்வுவமையைக் கூறினார். எனினும் அமர்ந்து கணக்கிடும் இல்லறத்தானின் அறிவை அவர் குறைவாக மதிக்கவில்லை. தலையாய நான்கு நற்பண்புகளுள் விவேகம் முதலாவதாக எண்ணப்படுகிறது. அது கோவிலில் மட்டுமன்று, கடைவீதியிலும் நமக்குத் துணை நிற்க வேண்டும்.

முதற்கண், உத்தரவாதங்கள் இரண்டு வகை என்பதை அறிவோம். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பொருளின் விலைக்குள்ளேயே அடங்கியது. அதற்கென நாம் தனியே பணம் தருவதில்லை. கூடுதல் உத்தரவாதமோ தனியாக விற்கப்படும் ஒரு சரக்கு. அதைத் தருபவர் தயாரிப்பாளராக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், நாம் பெயரே அறியாத மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். அதன் பயன் முதலாண்டு கழிந்த பின்னரே தொடங்குகிறது. மேலும், குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸருக்கும் சலவை இயந்திரத்தின் மோட்டாருக்கும் பல தயாரிப்பாளர்கள் பத்தாண்டு வரை கூட உத்தரவாதம் தருகின்றனர். ஏற்கெனவே நமக்குரிய ஒன்றை மீண்டும் விலை கொடுத்து வாங்குகிறோமா என்பதை நோக்குதல் நன்று.

அடுத்து, கணக்கைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டாக, நூறு குடும்பங்கள் தலைக்கு 2,500 ரூபாய் செலுத்துகின்றன எனக் கொள்வோம். மொத்தம் 2,50,000 ரூபாய். விற்றவருக்குரிய கமிஷன், அலுவலகச் செலவு, அரசுக்குரிய வரி, நிறுவனத்தின் இலாபம் ஆகிய அனைத்தும் அத்தொகையினின்றே எடுக்கப்பட வேண்டும். எஞ்சியதைக் கொண்டே பழுதுகள் நீக்கப்படும். ஆதலின் நூறு குடும்பங்களும் சேர்ந்து பெறும் பயன், அவை சேர்ந்து செலுத்தியதைவிடக் குறைவாகவே இருக்க முடியும். இல்லையேல் அவ்வணிகம் நிலைக்காது. ஒரு சில குடும்பங்கள் ஆதாயம் பெறும். மிகப் பலர் பெற்றது காகிதம் மட்டுமே.

அங்ஙனமாயின் காப்பீடு என்பதே வீணா? அன்று. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒருவனுக்கு நேரும் பேரிழப்பைத் தாங்கிக்கொள்வது ஒருவகைத் தோழமையே. மீனவரின் படகு, குடியிருக்கும் வீடு, பெரிய அறுவை மருத்துவம், குடும்பத் தலைவரின் உயிர் ஆகியவை தனியொரு குடும்பம் தாங்க இயலாத இழப்புகள். அவற்றுக்குக் காப்பு வேண்டும். மூவாயிரம் ரூபாய்ப் பழுதோ வருத்தம் தருமேயன்றிக் குடும்பத்தைக் கவிழ்த்துவிடாது. தாங்க முடியாத இழப்புக்கே காப்பீடு, தாங்கக்கூடிய இழப்புக்குச் சேமிப்பு என்பதே நாம் மனத்தில் இருத்த வேண்டிய நெறி.

வருந்தத்தக்கது யாதெனில், நம் இல்லங்கள் பலவற்றில் இந்நெறி தலைகீழாக நிற்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குக் காப்பு உண்டு. உழைத்துப் பொருளீட்டும் தந்தைக்கு இல்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 2022 ஜூன் முதல் உள்ள கட்டணப்படி ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேரின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். குளிர்பதனப் பெட்டிக்காகச் செலுத்தும் 2,500 ரூபாய், அத்திட்டத்தில் ஒருவருக்கு 125 ஆண்டுக் கட்டணத்திற்குச் சமம். கடலுக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் நம் மக்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியிருந்தும் பெறாதவர்கள், அதனை முதலில் பெறுவார்களாக.

இவற்றுக்குப் பின்னும் கூடுதல் உத்தரவாதம் வாங்க எண்ணுவோர், கையொப்பமிடுமுன் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும். துரு, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இடி மின்னல், எலி கடித்தல், கண்ணாடி, பிளாஸ்டிக் உறுப்புகள் ஆகியவை இத்தகைய ஒப்பந்தங்களில் விலக்கப்படுவது வழக்கம். உப்புக் காற்று வீசும் கடற்கரைப் பங்குகளில் இயந்திரத்தை அரிப்பது துருவே அன்றோ? மின்னழுத்தம் நிலையற்ற ஊர்களில், அதே பணத்தில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் பொருத்துவது பழுதையே தடுக்கும். வேறொன்றும் உண்டு. வீட்டுப் பயன்பாட்டிற்கென விற்கப்பட்ட பெட்டியில் குளிர்பானமோ பாலோ வைத்து விற்றால், அது வணிகப் பயன்பாடு எனக் கூறி உத்தரவாதம் மறுக்கப்படலாம். வீட்டு வாசலில் சிறு கடை வைத்துப் பிழைக்கும் கைம்பெண்கள் இதனை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

யாருக்கு இது பொருந்தும்? திரையோ மின்னணுப் பலகையோ பழுதுற்றால் புதுப்பொருளின் விலைக்கு நெருங்கிய செலவாகும் இயந்திரங்கள் உண்டு. அத்தகையதை வாங்குவோர், திடீர்ச் செலவைத் தாங்கக் கையிருப்பு இல்லாதோர், படுக்கையிலுள்ள நோயாளியின் பொருட்டு ஒருநாளும் இயந்திரம் நிற்கக் கூடாதோர் இதனை ஆராயலாம். அப்போதும், பழுது நீக்க ஆள் நம் ஊருக்கு வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் பெறுவது நலம். அன்றே முடிவு செய்ய வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. முதலாண்டு முடிவதற்குள் வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன.

ஏனையோருக்கு ஓர் எளிய வழி கூறுவேன். வேண்டாம் என்று சொன்ன அந்த 2,500 ரூபாயைச் செலவழித்துவிடாமல், "பழுது நிதி" என்று பெயரிட்டுத் தனியே வையுங்கள். ஐந்து பொருள்களுக்கு இவ்வாறு செய்தால் 12,500 ரூபாய் சேரும். எது பழுதானாலும் அதனின்று எடுக்கலாம். பழுதாகாவிடின் பணம் உங்களுடையதே. இரசீதையும் உத்தரவாத அட்டையையும் ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமையையும் மறவாதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. உத்தரவாதம் பற்றித் தவறான எண்ணம் தோன்றுமாறு கூறி விற்பது முறையற்ற வணிகம் என அது கருதுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிடின் கட்டணமும் இல்லை.

இறுதியாக, கடைகளில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். மாத இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியை நான் உணர்கிறேன். எனினும் விலக்குகளை மறைத்து, எளியோரின் அச்சத்தைத் தூண்டி விற்பது ஏழாம் கட்டளைக்கும் எட்டாம் கட்டளைக்கும் எதிரானது. அது சாமர்த்தியமன்று. எவை அடங்கும், எவை அடங்கா என்பதைத் தெளிவாகக் கூறி விற்பவன் தன் தொழிலாலேயே சான்று பகர்கிறான்.

நாளையைக் குறித்துக் கலங்க வேண்டாம் என்று நம் ஆண்டவர் போதித்தார். கவனமின்றி வாழுங்கள் என்று அவர் கூறவில்லை. கணக்கிட வேண்டியதைக் கணக்கிட்டு, காக்க வேண்டியவரைக் காத்து, எஞ்சியதை இறைவனின் பராமரிப்பில் ஒப்படைப்போம். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பதாக.