அங்கே ஒன்றுமில்லையா?

கல்லையும் சிப்பியையும் பொறுக்கிவந்து வீட்டை நிரப்பும் பிள்ளையைக் கண்டியாத பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. இங்கிலாந்திலே, லெஸ்டர் நகரில் அத்தகைய பிள்ளையொருவன் வளர்ந்தான். 1926ஆம் ஆண்டிற் பிறந்த டேவிட் அற்றன்பரோ என்பது அவன் பெயர். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். சிறுவனோ சைக்கிளேறிக் கல் வெட்டும் குழிகளுக்குச் செல்வான். கல்லைப் பிளந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த பிராணிகளின் சுருண்ட ஓடுகளைக் கண்டெடுப்பான்.

ஆயினும், அண்மையிலிருந்த சார்ன்வுட் காட்டுப் பாறைகளில் மட்டும் அவன் தேடவில்லை. அவை உயிர் தோன்றுவதற்கு முன்னரே உண்டானவை, அவற்றில் உயிர்ச்சுவடு இருத்தல் இயலாது என்பது அக்காலத்து அறிஞர் துணிபு. அதனைச் சிறுவனும் நம்பினான்.

1956இல், ரீனா நீகஸ் என்னும் 15 வயதுச் சிறுமி அப்பாறையொன்றிலே இலைபோன்ற வடிவத்தைக் கண்டாள். ஆசிரியரிடம் கூறினாள். அவ்வளவு பழைய பாறையில் உயிர்ச்சுவடு இராது என்பதே விடை. மறு ஆண்டு, அற்றன்பரோ பயின்ற அதே பாடசாலையின் மாணவன் ரோஜர் மேசன், பாறையேறச் சென்றபோது அவ்வடிவத்தைக் கண்டான். அவன் சொல்லக் கேட்ட புவிச்சரிதவியல் அறிஞர் ரெவர் போட், தள்ளிவிடாது நேரிற் சென்று பார்த்தார். 1958இல் அதற்குச் 'சார்னியா மசோனி' என்று பெயரிட்டார். அதன் வயது ஏறத்தாழ 56 கோடி ஆண்டு என இன்று அறிகிறோம். மேசன் பின்னர் புவிச்சரிதவியற் பேராசிரியரானார்.

அற்றன்பரோ கேம்பிரிட்ஜிலே புவிச்சரிதவியலும் விலங்கியலும் கற்று, 1952இல் பி.பி.சி. தொலைக்காட்சியிற் சேர்ந்து, படமெடுத்தலைத் தம் வாழ்க்கைத் தொழிலாக்கினார். ஆனால், இளமையிற் பற்றிய ஆசை விடவில்லை. பூமியில் உயிரினங்கள் வளர்ந்த வரலாற்றை 1979இல் தொடர்படமாக்கினார். 1989இல் உயிர்ச்சுவடுகளுக்கென்றே ஒரு தொடர் எடுத்தார். ஆதி உயிர்களைப் பற்றி 2010இல் வெளிவந்த படத்தையோ, தாம் தேடாது விட்ட அதே சார்ன்வுட்டிலிருந்து தொடங்கினார். அங்கே கிடைத்த, சொறிமீன் இனத்துக்கு உறவான மற்றொரு பிராணிக்கு 2022இல் அவர் பெயரையே சூட்டினர்.

இவ்வரலாற்றிலே எம் மனத்தை உறுத்துவது அந்தச் சிறுமியின் கதையே. அவள் கண்டதும் மேசன் கண்டதும் ஒன்றே. அவனுக்கு எழுந்து சென்று பார்க்க ஒருவர் வாய்த்தார், அவளுக்கு வாய்க்கவில்லை.

நம் பிள்ளைகள் "இதை வந்து பாருங்கள்" என்று அழைக்கும்போது, "அங்கே ஒன்றுமில்லை" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லாது, ஒருமுறை எழுந்து சென்று பார்ப்போமாக.