பழி கிளிப்பின் தலையில்

செகந்திராபாத்தில் பத்மராவ் நகர், மாரேட்பள்ளிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு பிள்ளைக்குப் பல் கோணலாக முளைத்தால் போதும், பல் டாக்டரிடம் போவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கிளிப் மட்டும் போடாதே, இருக்கிற நல்ல பல்லும் கெட்டுப்போகும்." சொல்கிறவர் சும்மா சொல்வதில்லை, சாட்சியும் வைத்திருப்பார். மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கிளிப்பைக் கழற்றியபோது பல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்ததாம். இருந்திருக்கும். அந்தத் திட்டை நான் மறுக்கவில்லை, அதற்குக் கிளிப்தான் காரணம் என்பதை மறுக்கிறேன்.

சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1897 ஆகஸ்ட் 20 அன்று இங்கே பேகம்பேட்டையில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்டார். சதுப்பு இருந்த இடத்தில் காய்ச்சலும் இருந்தது என்பது மெய்தான். ஆனாலும் காய்ச்சலைச் சுமந்து வந்தது காற்றில்லை. கிளிப் விவகாரத்திலும் பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக் குற்றவாளி என்கிறோம்.

திட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல்லில் ஒட்டுகிற சிறு உலோகத் துண்டுக்கு பிராக்கெட் என்று பெயர். சிகிச்சை முடிந்து அதை எடுத்தால், அது ஒட்டியிருந்த இடம் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். வெள்ளை விழுவது அதைச் சுற்றியும், அதற்கும் ஈறுக்கும் நடுவிலும். பல்லைக் கெடுப்பது பிராக்கெட் என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டியது அதற்கு அடியில் இருந்த இடமல்லவா? பிராக்கெட்டின் ஓரத்தில் தங்கிய சோற்றையும் சர்க்கரையையும் தின்று பாக்டீரியா அமிலம் விடுகிறது. அந்த அமிலம் எனாமலின் தாதுச் சத்தைக் கரைக்கிறது. சரியாகத் துலக்காத பல்லில் நான்கே வாரத்தில் இது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும்.

ஆகவே கிளிப்போடு வாழ்வது என்பதில் பாதி துலக்குவதுதான். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. பிராக்கெட்டுகளை இணைக்கும் கம்பிக்கு அடியில் நுழைய புட்டி கழுவும் தூரிகையின் குட்டி போல ஒரு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது, அதையும் வாங்கிவிட வேண்டும். காலையில் அவசரம் என்றால் கொஞ்சம் குறைந்தாலும் போகட்டும், இரவில் குறையவே கூடாது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு. பல்லைக் கழுவிக் காக்க அப்போது வேறு ஆள் கிடையாது.

இங்கே இன்னொரு பயம் குறுக்கே வரும். "ஃப்ளோரைடு பேஸ்ட் விஷம், நல்கொண்டாவைப் பார்க்கவில்லையா?" பார்த்தோம். நல்கொண்டா மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் கறை ஏறி, எலும்பு வளைந்து, தலைமுறைகள் பட்ட துன்பம் சிறிதல்ல. நீரிலிருந்து அதைப் பிரிக்க நீரி (NEERI) ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு வகுத்த முறைக்கே நல்கொண்டா முறை என்று பெயர். ஆனால் அந்த ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தார்கள். பேஸ்ட்டை நாம் துப்புகிறோம். அதிலும் பல்லில் கறை ஏறுவது, ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில். கிளிப் போடுகிற பதின்மூன்று வயதில் ஞானப்பல் தவிர மற்றவற்றின் எனாமல் உருவாகி முடிந்திருக்கும். அமிலம் கரைத்த எனாமலில் தாது திரும்பப் படிவதற்கு ஃப்ளோரைடுதான் உதவுகிறது. நல்கொண்டாவுக்குப் பயந்து ஃப்ளோரைடு இல்லாத 'இயற்கை' பேஸ்ட்டுக்கு மாறுகிறவர்கள், அது மிகவும் வேண்டியிருக்கிற, கிளிப் போட்டிருக்கும் இரண்டு வருஷத்தில் அதை விலக்கி வைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சோதிக்க வேண்டியது வீட்டு போர் தண்ணீரை, பேஸ்ட்டை அல்ல. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு.

"கிளிப் போட்டால் பட்டினிதான்" என்பது அடுத்தது. ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதுதான் வேடிக்கை. கறியையும் கோதுமையையும் மணிக்கணக்கில் வேகவைத்து மசித்த ஹலீமை விடக் கிளிப்புக்குத் தோதான உணவு எது? சைவமா, இட்லியும் தயிர்சாதமும் எங்கே போயின? விலக்க வேண்டியவை சில உண்டு: கோகுலாஷ்டமிச் சீடை, முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு, ஐஸ்கட்டியைக் கடிப்பது, பிரியாணி எலும்பைக் கடித்து இழுப்பது. கொய்யாவை நறுக்கிக் கடைவாயில் மென்றால் ஒன்றும் ஆகாது. பிராக்கெட் பிய்ந்து வந்தால் வலிப்பதில்லை என்று சிலர் அடுத்த தேதி வரை காத்திருப்பார்கள். அத்தனை நாளும் அந்தப் பல் நகராது, சிகிச்சைதான் நீளும். என்னைக் கேட்டால் முறுக்கை விட ஆபத்து இரானி சாய். கம்பியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் உஸ்மானியா பிஸ்கட்டோடு மணிக்கு ஒரு கப் என்று உறிஞ்சினால் வாயில் அமிலம் ஓயவே ஓயாது. சாப்பாட்டோடு குடித்துவிட்டு வாய் கொப்பளித்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

"பல் ஆடுகிறதே?" ஆடத்தான் வேண்டும். பல்லும் எலும்பும் ஒட்டிப் பிறந்தவை அல்ல, நடுவே நார்த் திசு உண்டு. கம்பி தள்ளும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, பின்பக்கத்தில் புது எலும்பு படிகிறது. பல் நகர்வது இப்படித்தான், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நகர்ந்து முடிந்ததும் பிடிப்பு திரும்பும். பெரியவர்களின் எலும்பும் இதையே செய்கிறது என்பதால் ஈறு ஆரோக்கியமாக இருந்தால் நாற்பதிலும் போட்டுக்கொள்ளலாம். "நன்றாக டைட் பண்ணச் சொல்லு, சீக்கிரம் முடியும்" என்பதும் தலைகீழ்க் கணக்கு. அதிகமாக அழுத்தினால் நார்த் திசுவின் ரத்த ஓட்டம் நின்று, பல் நகர்வது தாமதமாகும். மறுப்பவர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. சிலருக்கு வேரின் நுனி கொஞ்சம் தேயும். பெரும்பாலும் பாதகமில்லாத அளவுதான், ஆனாலும் நடுவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

கிளிப்புக்காக மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பார்வையைச் சுமப்பது மூளையின் இரண்டாம் நரம்பு, பல்லுக்கு வருவது ஐந்தாம் நரம்பின் கிளை. இடம் பண்ணுவதற்காகப் பல் எடுக்கலாமா என்பது மருத்துவர்களிடையே உண்மையாகவே நடந்த சண்டை. பல் சீரமைப்பு மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கூடாது என்றார். அவரிடமே பயின்ற சார்லஸ் ட்வீட், எடுக்காமல் சீர்செய்த பற்கள் திரும்பக் கோணுவதைக் கண்டு எடுக்கத் தொடங்கினார். அந்தச் சண்டையில் கண்ணுக்கு இடமே இல்லை.

கடைசி நம்பிக்கையைக் கிளிப் போட்டவர்களே வைத்திருக்கிறார்கள்: கழற்றியதும் வேலை முடிந்தது. ஈறில் பல்லைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம் வரை ஆகும், அதுவரை பழைய இடத்துக்கே இழுக்கும். கிளிப்பைக் கழற்றியபின் பல்லைப் புது இடத்தில் நிறுத்திவைக்கப் போடும் ரீடெய்னர் அதற்குத்தான். அதைக் கழற்றி ஹோட்டல் மேசையில் டிஷ்யூவில் மடித்து வைத்தால் சர்வர் எச்சில் தட்டோடு எடுத்துப் போய்விடுவார், டப்பாவில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ரீடெய்னர் வெந்நீரில் நெளிந்துவிடும் என்பதால் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சில நாள் விட்டுவிட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகர்ந்திருக்கிறது என்று பொருள், அன்றிலிருந்து ஒழுங்காகப் போடலாம். உள்ளேயே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.