கைகட்டி உட்கார்ந்தால் வேலை போய்விடுமா?

வளாகத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பயிற்சியாளர்கள் வருவார்கள். அவர்கள் காட்டும் ஸ்லைடுகளில் ஒரு வட்டப்படம் தவறாமல் இருக்கும்: உடல்மொழி 55 சதவீதம், குரல் 38 சதவீதம், சொற்கள் வெறும் 7 சதவீதம். பிறகு கட்டளைகள் வரிசைகட்டும். கையைக் கட்டாதே. கண்ணைப் பார்த்துப் பேசு. மூக்கைத் தொடாதே. கையை இறுக்கிக் குலுக்கு. நான்கு ஆண்டுகள் படித்ததெல்லாம் 7 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதா என்று யாரும் எழுந்து கேட்பதில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நான் மறுப்பது வேறொன்றை. உட்காரும் விதத்தையும் பார்க்கும் விதத்தையும் வைத்தே ஒருவரின் திறமையையும் நேர்மையையும் கணித்துவிடலாம், ஆகவே உடம்பைப் பழக்கினால் வேலை கையில் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வாதம் 1: "பேச்சில் 93 சதவீதம் சொல்லில் இல்லை"

இந்த எண்களுக்கு மூலம் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியல் பேராசிரியர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1967இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு சிறிய சோதனைகளை வெளியிட்டார்கள். ஒன்றில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் பதிவு செய்து கேட்கவைத்தார்கள். அன்பான சொல் வெறுப்புத் தொனியிலும் வந்தது, வசைச்சொல் கனிந்த தொனியிலும் வந்தது. மற்றொன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப் புகைப்படங்களைக் காட்டினார்கள். பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிப்பது மட்டுமே கேட்டவர்களின் வேலை. சொல்லும் தொனியும் முகமும் ஒன்றோடொன்று முரண்படும்போது எதை நம்புகிறார்கள் என்பதற்கு வந்த விடைதான் 7-38-55. உணர்வுகளையும் விருப்பு வெறுப்புகளையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ரேபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

ஒரு டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எதற்கு என்ற கேள்விக்கு விருப்பு வெறுப்பால் விடை சொல்ல முடியாது. சந்தேகம் தீராதவர்கள் ஒரு ஹங்கேரியப் படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்க்கட்டும். முகமும் குரலும் ஒரு குறையும் இல்லாமல் கிடைக்கும். கதை நூற்றுக்கு 93 பங்கு புரிந்ததா என்று அவர்களே சொல்லட்டும்.

வாதம் 2: "முதல் 30 விநாடியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்"

2016இல் வெளியான ஓர் ஆய்வு 600க்கும் மேற்பட்ட நேர்காணல்களில் தேர்வாளர்கள் எப்போது முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தது. முதல் நிமிடத்துக்குள் முடிவெடுத்தவை சுமார் 5 சதவீதம். முதல் ஐந்து நிமிடத்துக்குள் என்று எடுத்துக்கொண்டாலும் சிறுபான்மைதான். பெரும்பாலானவர்கள் அதற்குமேலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிலர் அவசரமாக முடிவெடுப்பது உண்மையே. ஆனால் அந்த முதல் பார்வைக்கு என்ன மதிப்பு? 1979இல் டெக்சாஸ் சட்டமன்றம், ஹூஸ்டனில் உள்ள மருத்துவக் கல்லூரி கூடுதலாக 50 மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்றது. நேர்காணலில் முன்னிலை பெற்றவர்கள் அதற்குள் வெவ்வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். மீதியிருந்தவர்கள் நேர்காணலில் பின்தங்கி ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களையே சேர்த்தார்கள். படிப்பிலும் சரி, பின்னர் மருத்துவமனைப் பயிற்சியிலும் சரி, முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இந்த ஒப்பீடு 1987இல் வெளியானது. தேர்வாளர்கள் அத்தனை நம்பிக்கையோடு பிரித்துவைத்த இரு கூட்டங்களும் வேலையில் ஒன்றாகவே இருந்தன.

வாதம் 3: "கட்டிய கை தற்காப்பு, தாழ்ந்த கண் பொய்"

பயிற்சிப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. நம் ஊரில் என்ன நடக்கிறது? முதல் வகுப்பிலிருந்தே 'கையைக் கட்டு, வாயில் விரலை வை' என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். ஆசிரியர் முன்னும் ஊர்ப் பெரியவர் முன்னும் கைகட்டி நிற்பது பணிவு என்றே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பணிவுக்குள் சாதியின் கசப்பும் இருக்கிறது. யார் முன் யார் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பின்னணியிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் ஒரு பெண், முன்பின் தெரியாத நான்கு அதிகாரிகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டால், 'எதையோ மறைக்கிறார்' என்று குறித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? அதிகாரிகள் அப்படி எண்ணும் அதே நேரத்தில் அந்தப் பெண் மரியாதை காட்டிக்கொண்டிருக்கலாம். அறையின் ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டும் இருக்கலாம்.

கண்ணும் அப்படித்தான். பெரியவர் பேசும்போது நேராகப் பார்த்தால் "என்னடா முறைக்கிற?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. இருபது வருடம் அப்படி வளர்ந்தவரின் பார்வை ஒரு வாரப் பயிற்சியில் மாறாது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு எதிராளியின் கண்ணைத் தொடர்ந்து பார்ப்பதே வேதனை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்து, அரசு வேலை ஒதுக்கீட்டிலும் இடம் தந்திருக்கிறது. அப்படி வருகிறவரைக் கண்ணை வைத்து மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன அர்த்தம்?

பொய்யைக் கண்டுபிடிக்கும் கதைக்கு வருவோம். நடத்தையைப் பார்த்துப் பொய்யை இனங்காணும் திறன் பற்றி ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பீட்டின்படி, மக்கள் சரியாகச் சொல்வது 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். கண் ஒரு பக்கம் போனால் பொய், மறுபக்கம் போனால் நினைவு என்ற பிரபலமான உத்தியை 2012இல் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. காணொலி நேர்காணல்களில் முகத்தை அலசிய ஹைர்வ்யூ என்ற அமெரிக்க நிறுவனமும் 2021 ஜனவரியில் அந்த அலசலைக் கைவிட்டதாக அறிவித்தது. முகம் பார்த்துக் கணிப்பதை விற்ற நிறுவனமே அந்தச் சரக்கைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

வாதம் 4: "விரிந்து நின்றால் தன்னம்பிக்கை தானாக வரும்"

நேர்காணலுக்கு முன் கழிவறையில் இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து நில்லுங்கள் என்ற அறிவுரை 2010இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். அந்த நிலை உடலின் ஹார்மோன்களையே மாற்றுகிறது என்றது அது. 2012இல் ஆய்வாளர்களில் ஒருவரான ஏமி கட்டி ஆற்றிய டெட் உரை உலகெங்கும் பரவியது. 2015இல் சுமார் 200 பேரை வைத்து மீண்டும் செய்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. 2016இல் அந்த முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தாம் நம்பவில்லை என வெளிப்படையாக எழுதினார். நம் பயிற்சி அறைகளுக்கு உரை வந்து சேர்ந்தது. அந்த மறுப்பு வந்து சேரவில்லை.

வாதம் 5: "உண்மையோ பொய்யோ, தேர்வாளர் நம்புகிறாரே!"

இதுதான் வலுவான வாதம். கைகுலுக்கும் விதம்கூடத் தேர்வாளரின் மதிப்பீட்டோடு தொடர்புடையது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பழகிக்கொண்டால் என்ன தவறு என்று கேட்கலாம்.

அளவோடு பழகுவதில் தவறில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கை எங்கே இருக்கிறது, கால் ஆடுகிறதா, சிரிப்பு போதுமா என்று தன்னையே கண்காணித்துக்கொண்டிருப்பவருக்குக் கேட்ட கேள்வியின் பாதி காதில் விழாது. அந்தக் கவனம் முழுவதும் விடைக்குப் போயிருக்க வேண்டியது. மேலும், ஒரே பயிற்சியாளரிடம் படித்த நாற்பது பேர் ஒரே மாதிரி நிமிர்ந்து, ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு உள்ளே வந்தால், அந்த நிமிர்விலிருந்து தேர்வாளர் யாரைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்?

எல்லாவற்றையும்விட, இந்த வாதம் குறையை இடம் மாற்றிவிடுகிறது. தேர்வாளர் தவறாக அளக்கிறார் என்றால் திருத்த வேண்டியது அளப்பவரை. நாமோ அளக்கப்படுகிறவரிடம் பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி தருகிறோம்.

அளப்பது எப்படி?

எல்லாருக்கும் ஒரே கேள்விகள், வேலையை ஒட்டிய கேள்விகள், முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் முறை. இப்படிக் கட்டமைத்த நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று 2022இல் பால் சாக்கெட்டும் குழுவினரும் மதிப்பிட்டார்கள். மனம்போன போக்கில் பேசி எடைபோடும் நேர்காணலுக்கு அது 0.19 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்று தொடங்கும் அரட்டையில்தான் உடல்மொழி ஜோசியத்துக்கு இடம் அதிகம்.

நம் நீதிமன்றங்களும் இந்த ஆபத்தை எப்போதோ கண்டுகொண்டன. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும் கெசட்டில் வராத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது.

மரியாதை இருவழிப் பாதை

உடல்மொழி விதிகளையும் நல்ல நடத்தையையும் குழப்பிக்கொண்டதே இதில் பெரிய தவறு. நேரத்துக்கு வருவது, வணக்கம் சொல்வது, போனை அணைப்பது, கேள்வி முடியும்வரை காத்திருப்பது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது. இவை எதிரில் இருப்பவரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் தரும் மதிப்பு. எந்த வீட்டுப் பிள்ளையாலும் இவற்றைச் செய்ய முடியும்; இதற்கு வகுப்பு தேவையில்லை. கைகுலுக்கலின் அழுத்தமும் தோளின் கோணமும் அப்படியில்லை. அவை பெரும்பாலும் வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதையே காட்டும்.

அதே மரியாதை மேசையின் மறுபக்கமும் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு வரச்சொல்லி மாலை 4 மணிவரை வராந்தாவில் உட்காரவைப்பது, விண்ணப்பத்தை அப்போதுதான் புரட்டுவது, பதில் சொல்லும்போது போனைத் தடவுவது, 'கல்யாணம் எப்போ?', 'அப்பா என்ன பண்றார்?' என்று கேட்பது, தேர்வாகாதவருக்கு ஒரு வரிகூட எழுதாமல் விடுவது. இவற்றைத் திருத்த எந்தப் பயிற்சியாளரும் எந்த நிறுவனத்துக்கும் போவதாகத் தெரியவில்லை.

ஆகவே வேலை கொடுப்பவர்கள் முதலில் தங்கள் மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்க்கட்டும். 'தோற்றம்', 'தன்னம்பிக்கை', 'பாவனை' என்ற கட்டங்களை அடித்துவிட்டு, அந்த வேலையை அவரால் செய்ய முடியுமா என்று சோதிக்கும் கேள்விகளை எழுதட்டும். ஒவ்வொரு தேர்வாளரும் மற்றவரிடம் பேசுவதற்கு முன்பே தன் மதிப்பெண்ணைத் தனியாகக் குறிக்கட்டும். இதற்குச் செலவு கிடையாது. கொஞ்சம் ஒழுக்கம் வேண்டும். அதை நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் மட்டுமே எதிர்பார்த்தது போதும்.