துணை சபாநாயகர் பதவி எதிர்க்கட்சிக்கே

2024 மே 25, சனிக்கிழமை. மக்களவைத் தேர்தலுக்காக மேற்கு தில்லி ஜனக்புரி வாக்குச்சாவடிகளில் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கும் பகுதி இது. அந்த வரிசையில் தமிழ்ப் பேச்சும் காதில் விழுந்தது.

மேற்கு தில்லியில் பாஜகவின் கமல்ஜீத் செராவத் வென்றார். 2019-ல் 5.78 லட்சமாக இருந்த அக்கட்சியின் வாக்கு வித்தியாசம் 2024-ல் 1.99 லட்சம். ஆம் ஆத்மியின் மகாபல் மிஸ்ராவுக்கு விழுந்த வாக்குகள் 6.4 லட்சத்துக்கும் மேல். ஆனால் தில்லியின் ஏழு இடங்களும் தொடர்ந்து மூன்றாவது முறையாக பாஜகவுக்கே. அந்த 6.4 லட்சம் பேரின் குரல் மக்களவையில் ஒலிக்க வேண்டுமானால், வேறு மாநிலங்களிலிருந்து வென்றுவந்த எதிர்க்கட்சியினர்தான் பேசியாக வேண்டும். அவர்களைப் பேசவிட வேண்டும்.

2023 டிசம்பரில் நடந்தது வேறு. நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறப்பட்டதற்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டும் என்று கேட்ட 146 எம்.பி.க்கள் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்வரிசை ஏறத்தாழ காலியாகக் கிடந்தபோதே மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின. 2024 ஜூலை 1 முதல் ஜனக்புரி காவல் நிலையத்தில் பர்ஸ் தொலைந்தது என்று புகார் கொடுக்கப் போகிறவருக்கும் அந்தச் சட்டங்கள்தான்.

2024 தேர்தலில் 240 இடங்களோடு நின்றுவிட்ட பாஜக, கூட்டணிக் கட்சிகளின் தோளில்தான் ஆட்சி நடத்துகிறது. பத்தாண்டுகளுக்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர் என ஒருவர் வந்திருக்கிறார். துணை சபாநாயகர்தான் இல்லை. சபாநாயகரையும் துணை சபாநாயகரையும் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 93-வது பிரிவு. 17-வது மக்களவையோ ஐந்தாண்டையும் துணை சபாநாயகர் இல்லாமலே கழித்தது. 2024 தேர்தலுக்குப் பிறகு அந்தப் பதவியை எதிர்க்கட்சிகள் கேட்டன, உறுதி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் 26 அன்று சபாநாயகர் தேர்தலே போட்டிக்குப் போனது அதனால்தான்.

கேட்டதில் என்ன தவறு? 2009-ல் காங்கிரஸ் ஆட்சியில் எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவின் கரிய முண்டாவுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. கூட்டணியில் இல்லாத அதிமுகவின் தம்பிதுரையை 2014-ல் அமரவைத்தது மோடி அரசேதான். தான் பெற்றதையும் தானே கொடுத்ததையும் இன்று மறுக்க பாஜகவுக்கு நியாயம் இல்லை.

அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே துணை சபாநாயகர் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட வேண்டும். பெயரை எதிர்க்கட்சிகள் சொல்லட்டும், ஆளுங்கட்சி வழிமொழியட்டும்.