ஜெயிக்க முடியாத சண்டையை எதுக்கு விளையாடணும்?

விண்வெளிச் சண்டை கேம் என்றாலே "அதெல்லாம் ஜாய்ஸ்டிக் வச்சிருக்கறவன் வேலைப்பா" என்று ஒதுங்குகிறவர்கள்தான் நம்ம செட்டில் அதிகம். இந்த வகைக்கு நானும் புதுசுதான். முதன்முதலாக முழுசாக முடித்தது 'ஃப்ரீஸ்பேஸ் 2'. முடித்த கையோடு தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்: கீ ஜாஸ்தி என்பதற்காக இதை விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

1999-ல் வொலிஷன் உருவாக்கி, இன்டர்பிளே வெளியிட்ட கேம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடையில் போணியாகவில்லை. 2002-ல் வொலிஷன் இதன் சோர்ஸ் கோடைத் திறந்துவிட, ரசிகர்கள் அன்றிலிருந்து இதை மெருகேற்றிக்கொண்டே வருகிறார்கள். வொலிஷனே 2023-ல் மூடப்பட்டுவிட்டது. கேம் மட்டும் சாகவில்லை :-)

முதல் ஒரு மணி நேரம் கஷ்டம்தான். எது மேல், எது கீழ் என்றே புரியாது. ஆனால் ஜாய்ஸ்டிக் இல்லாமல் கீபோர்டு, மவுஸ் வைத்தே ஓட்டலாம். எச் தட்டினால் பக்கத்து எதிரி, எம் தட்டினால் அவன் வேகத்துக்கு நம் வேகம். எனக்குப் பிடித்தது பவர் பிரிக்கும் வேலை. துப்பாக்கி, கவசம், என்ஜின் மூன்றுக்கும் ஒரே கஜானா. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதில் குறையும். பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பட்ஜெட் பாடம் கிடைக்காது.

சரி, மேட்டருக்கு வருவோம். (கதை தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த இரண்டு பாராவைத் தாண்டிவிடவும்.)

இதில் நீங்கள் ஹீரோ கிடையாது. பெயர் இல்லை, முகம் இல்லை, வசனம் இல்லை. 'ஆல்ஃபா 1', அவ்வளவுதான். ஷிவன்கள் என்ற எதிரி ஏன் வருகிறார்கள், என்ன வேண்டும் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. 20 வருஷம் கட்டிய கொலாஸஸ் என்ற ராட்சதக் கப்பல் நம் பக்கம். எதிரியின் சதானஸ் கப்பல் ஒன்றைச் சாய்த்துவிட்டு கொண்டாடினால், அந்த மாதிரி இன்னும் வரிசையாக வருகிறது. கொலாஸஸும் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு ஜெயிப்பது என்ற பேச்சே இல்லை. கபெல்லா நட்சத்திரம் வெடிக்கப்போகிறது, மக்களை ஏற்றிய கப்பல்கள் வெளியேறும்வரை காவல் நில் என்பதுதான் உத்தரவு. எல்லாரையும் காப்பாற்ற முடியாது. நேரத்துக்குள் நீங்கள் தப்பிக்கலாம், கடைசிவரை நின்று சாகவும் செய்யலாம்.

"தோற்கறதுக்கு எதுக்குடா கேம்?" என்று வகுப்பு நண்பன் கேட்டான். எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியையோ, 2011 டிசம்பர் 30 தானே புயலையோ யாரும் எதிர்த்து நின்று ஜெயிக்கவில்லை. வண்டி பிடித்து ஆட்களை ஏற்றியவன், பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் சோறு போட்டவன், இவர்களைத்தான் ஊர் இன்னும் பேசுகிறது. நம்ம சினிமாவில் ஒருத்தனே நூறு பேரை அடிப்பான். நான் விளையாடிய மற்ற கேம்களும் அதே ஃபார்முலாதான். கூட்டத்தில் ஒருத்தனாக நின்று, கொடுத்த வேலையைச் செய்து, நாலு பேரைக் கரை சேர்ப்பதும் வெற்றிதான் என்று எனக்குச் சொன்ன முதல் கேம் இது.

குறை இல்லாமல் இல்லை. கதையில் பாதி, மிஷனுக்கு முன்னால் வரும் ஆங்கில விளக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போனால் வெறும் சுடுவதுதான் மிஞ்சும். கூட வரும் பைலட்டுகளும் மனதில் நிற்பதில்லை.

புதுசாக ஆரம்பிப்பவர்கள் கூச்சப்படாமல் 'வெரி ஈஸி'யில் வையுங்கள். ஒரே மிஷனில் திரும்பத் திரும்பத் தோற்றால், தாண்டிப் போகட்டுமா என்று கேமே கேட்கும். முடித்துவிட்டு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கபெல்லாவில் நின்றீர்களா, கிளம்பினீர்களா?