தெளிந்ததெல்லாம் நன்னீரா?

“கரி போட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும்” என்று சொல்லாதவர் நம் பக்கத்தில் குறைவு. நானும் அப்படி நம்பியவன்தான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் எங்கள் சிற்றூர். மழைக்காலத்தில் குழாய் பழுதானால் ஓடைநீரே கதி. சென்ற ஆண்டு, பள்ளியில் படித்த மூன்று பானை வடிகட்டியை வீட்டில் அமைத்தேன். மேற்பானையில் மணல், நடுப்பானையில் விறகுக்கரி. கலங்கல் நீர் பளிங்குபோல் சொட்டியது. “இனி எதற்கம்மா விறகெரித்துக் கொதிக்க வைக்கிறாய்?” என்றேன். படித்த பிள்ளை சொல்கிறானே என்று அம்மாவும் விட்டுவிட்டார். பத்தே நாளில் தங்கை வயிற்றுப்போக்கில் துவண்டாள். மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கி வந்தோம். நல்லவேளை, பிழைத்தாள். “தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா?” என்று மருத்துவர் கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

கரியின்மேல் குற்றமில்லை. நிறத்தையும் நாற்றத்தையும் அதன் நுண்துளைகள் பற்றிக்கொள்ளும். கொட்டாங்கச்சிக் கரியை நீராவியில் பக்குவப்படுத்தினால், ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு உண்டாகும். ஆனால் அத்துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் சிறியவை. பாக்டீரியாவோ ஏறத்தாழ 1,000 நானோமீட்டர். எலிவளைக்குள் யானை புகுமா? அதுமட்டுமன்று, நெடுநாள் மாற்றாத ஈரக்கரியில் கிருமிகள் குடியேறிப் பெருகவும் கூடும்.

உமிச்சாம்பலையும் சிலர் சொல்வர். அரிசி ஆலைகள் மிகுந்த நம் பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. 2009இல் டாடா நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்வச்’ வடிகட்டியில் உமிச்சாம்பல் இருந்தது உண்மையே. ஆனால் அங்கே கிருமியைக் கொன்றது சாம்பலன்று. அதில் ஏற்றப்பட்ட வெள்ளி நுண்துகள்கள்.

அப்படியானால் பானையை உடைத்துவிடலாமா? வேண்டாம். கரியும் மணலும் முதற்படி. கொதிக்கவைத்தல் முடிவான படி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். அரைமணி நேரம் விறகை வீணாக்க வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளில், வடித்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் 6 மணி நேரம் வெயிலில் வைப்பதும் பயன்தரும். ஆனால் மழைக்காலத்திற்கு அடுப்பே துணை.

நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நாம் மலையேறும்போது, வடிகட்டி செய்து காட்டுவதோடு திரும்பிவிடக் கூடாது. “வடித்தபின் கொதிக்க வையுங்கள்” என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுவோம். என் வீட்டில் நான் சொல்லத் தவறிய சொல் அதுதான்.